ஆடியில் பேசிய வீடு

ஆடி மாதத்தின் மேல் வேல்விழிக்கு ஒரு வருத்தமும் கிடையாது. அது பாட்டுக்கு வருஷாவருஷம் வருகிறது, காற்றைக் கிளப்புகிறது, போகிறது. அதைச் சாக்கு வைத்துப் பேச்சு மாறுகிற மனிதர்களை நினைத்தால்தான் அவளுக்கு வயிறு எரியும். அந்த வரிசையில் முதல் ஆள் காளியாத்தாள் நகர் குமாரசாமி. இரண்டாவது ஆள் யாரென்று கேட்டால் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், கட்டிய புருஷனாயிற்றே. ஆனால் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வேல்விழி சங்கரன்கோவில் பக்கத்துக்காரி. கல்யாணமான மூன்றாம் மாதம் புருஷன் இசக்கிமுத்துவோடு திருப்பூருக்கு பஸ் ஏறியவள், பதினெட்டு வருஷமாக இங்கேயே இருக்கிறாள். அவன் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இவள் காதர்பேட்டை உள்ளூர் மொத்தச் சந்தைக்குச் சரக்கு அனுப்புகிற ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வருகிற பனியனை மேஜையில் விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று கண்ணில் பட்டவுடன் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஆயிரம் பீஸ். அவள் பார்த்து அனுப்பிய பீஸ் திரும்பி வந்ததில்லை என்று சூப்பர்வைசரே சொல்வார். சொல்வதோடு சரி, அதற்காகச் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூடியதில்லை.

குடியிருப்பது கருப்புசாமி என்பவரின் லைன் வீட்டில். ஒரே கூரையின் கீழ் பதினொரு குடித்தனம், பதினொரு குடித்தனத்துக்கும் கடைசியில் இரண்டே கக்கூஸ், ஒரு குளியலறை. காலை ஐந்தரைக்கு வாளியோடு வரிசை நிற்கும். மகள் பூங்குழலி பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். அவள் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்ட இரண்டாவது நிமிஷம் யாராவது கதவைத் தட்டுவார்கள். “யாரு உள்ள? ஷிப்டுக்கு நேரமாவுது!” சில நாள் தகரக் கதவை உதைக்கவும் செய்வார்கள். பிள்ளை முகம் கழுவியும் கழுவாமலும் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வரும். அதைப் பார்க்கிற ஒவ்வொரு காலையும் வேல்விழிக்குப் பற்றிக்கொண்டு வரும். தட்டுகிறவர்களையும் குற்றம் சொல்ல முடியாது, அவர்களுக்கும் ஷிப்ட் இருக்கிறது. பதினொரு வீட்டு வாடகையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மூன்றாவதாக ஒரு கக்கூஸ் கட்டித் தராத மனிதரைத்தான் சொல்ல வேண்டும். சொல்லியும் பார்த்தாள். “பாக்கலாமுங்க அம்மிணி” என்றார். ஒன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

அதனால்தான் வீடு வாங்க வேண்டும் என்றாள். மாடி வேண்டாம், கார் நிறுத்த இடம் வேண்டாம். ஒரு ஹால், ஒரு ரூம், சமையலுக்கு ஒரு மூலை, உள்ளேயே தாழ்ப்பாள் போட்ட ஒரு பாத்ரூம். பி.எப். பிடித்து, சம்பளச் சீட்டு கொடுக்கிற கம்பெனி என்பதால் பேங்கில் இசக்கிமுத்துவின் சம்பளத்தையும் கணக்கில் சேர்த்து அவள் பெயருக்கு லோன் தருகிறோம் என்று கடிதமே கொடுத்துவிட்டார்கள். கையிருப்பையும் சேர்த்தால் இருபத்தைந்து லட்சம் வரை தாங்கும். அதற்கு மேல் ஒரு செங்கல்கூடத் தாங்காது.

எப்போது வாங்குவது என்பதையும் அவளே தீர்மானித்தாள். காதர்பேட்டையைப் பார்த்துக் கற்றது அது. குளிருக்குப் போடுகிற முழுக்கைப் பனியனை மார்கழியில் கேட்டு வருகிறவனுக்கு வியாபாரி சொன்னதுதான் விலை. அதையே சித்திரை வெயிலில் கேட்டு வந்தால் நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, கேட்ட விலைக்குக் கட்டிக் கொடுப்பான். வீடும் சரக்குதானே? ஊரே வீடு பார்க்காத மாதத்தில் போய்ப் பார்த்தால் என்ன? போன வருஷம் ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, இசக்கிமுத்து முணுமுணுக்க முணுமுணுக்க அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு காங்கேயம் ரோட்டில் நல்லூர் தாண்டி உள்ளே போனாள்.

அங்கேதான் காளியாத்தாள் நகர். குமாரசாமி தன் தோட்டத்தைத் தாயார் பெயரில் மனை பிரித்து, வரிசையாகச் சின்ன வீடுகளாகக் கட்டி வைத்திருந்தார். தாயார் பெயரை நுழைவு வளைவில் பெரிதாக எழுதியிருந்த அளவுக்கு அந்தப் பெயருக்குப் பயந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அது பிறகு தெரிந்த விஷயம். அன்றைக்கு அந்த இடத்தில் ஆடிக் காற்றையும் ஒரு நாயையும் தவிர யாருமில்லை.

“ஆடியில ஆராச்சும் ஊடு பாக்க வருவாங்களாங்க அம்மிணி?” என்று குமாரசாமி அதிசயப்பட்டார். “வாங்க, வாங்க. செருப்போடவே வாங்க. ஏனுங்க, நீங்களும் வாங்க.”

மூன்றாவது வரிசையில் கடைசி வீடு. வேல்விழி உள்ளே போனாள், பாத்ரூம் கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாளைப் போட்டாள், எடுத்தாள். அப்போதே மனது விழுந்துவிட்டது. ஆனாலும் செக்கிங்காரி செக்கிங்காரிதான். பையில் கிடந்த ஸ்டிக்கர் ரோலை எடுத்தாள். பாத்ரூம் கதவு தரையில் உரசுகிறது, ஒரு ஸ்டிக்கர். சமையல் தொட்டியில் ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நிற்கிறது, ஒன்று. ஜன்னல் மூலையில் விரிசல், வடக்குச் சுவரில் ஈரம், சுவிட்சுப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. மொத்தம் பதினேழு ஒட்டிவிட்டு வெளியே வந்தாள்.

குமாரசாமி சுற்றிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். “இதென்னுங்கம்மிணி, ஊட்டுக்கு அம்மை போட்டாப்பல பண்ணிப்போட்டீங்க?”

“குத்தம் சொல்லல அண்ணாச்சி. இதையெல்லாம் சரி பண்ணிட்டா பீஸ் பாஸ்.”

“ஆவணிக்குள்ள பதினேழையும் பாத்துப்போடறனுங்க. அதென்ன பெரிய வேலைங்களா?”

விலை பேசினார்கள். இருபத்தெட்டில் தொடங்கினார். ஆடி முடிகிற வரைக்கும் இந்தப் பக்கம் ஈ காக்கா வராது என்று அவருக்கும் தெரியும், பாக்கி கேட்டுச் சிமெண்ட் கடைக்காரன் வாசலுக்கு வந்துபோவதும் தெரியும். ஒரு மணி நேரத்தில் இருபத்தைந்துக்கு இறங்கினார். “சரிங்க அம்மிணி, உங்களுக்காகத்தானுங்க. அட்வான்ஸு ஏதாச்சும் குடுங்க, ஒரு பேப்பர்ல எழுதிக்கலாம்” என்று அவரேதான் சொன்னார். வேல்விழி டிபன் பையில், தூக்குச்சட்டிக்கு அடியில், பிளாஸ்டிக் கவரில் ஐம்பதாயிரத்தைத் தயாராகவே கொண்டு வந்திருந்தாள். கையைப் பைக்குள் விட்டுவிட்டாள்.

அப்போதுதான் இசக்கிமுத்து வாயைத் திறந்தான். அதுவரை ஒரு மணி நேரம் வாயைத் திறக்காத மனிதன்.

“அண்ணாச்சி, ஆடியில ரூவா கை மாற வேண்டாம். எழுத்தும் வேண்டாம். எங்க அக்கா கேட்டா ஏசுவா. வாய்ப்பேச்சா இருக்கட்டும். ஆவணி பொறந்து மொத முகூர்த்தத்துல தட்டு வச்சு, மொறையா வந்து எழுதிக்கிடுதோம்.”

வேல்விழி கையைப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். அந்நிய மனுஷன் முன்னால் புருஷனை மறித்துப் பேசக் கூடாது என்று வளர்த்துவிட்டார்கள். அந்த வளர்ப்பை நினைத்து இப்போதும் அவள் பல்லைக் கடிப்பாள். அன்றைக்கு ஒரு நிமிஷம் மரியாதையை மறந்திருந்தால் மிச்சம் நடந்த எதுவும் நடந்திருக்காது. கையை வெளியே எடுத்துவிட்டாள்.

“உங்க இஷ்டமுங்க” என்றார் குமாரசாமி. “எம்பட பேச்சு எழுத்தாட்டமுங்க. ஆடியென்ன, ஆவணியென்ன? வெல இதேதானுங்க.”

அந்த ஒரு மாதம் அவள் அந்த வீட்டிலேயே மனதால் குடியிருந்தாள். கட்டில் எங்கே, பீரோ எங்கே, பூங்குழலியின் புத்தக அலமாரி எந்தச் சுவரில் என்றெல்லாம் முடிவாகிவிட்டது. பிள்ளை ஒரு பிளாஸ்டிக் வாளி மட்டும் புதிதாகக் கேட்டது. எதற்கு என்று கேட்டதற்கு, பாத்ரூமில் உள்ளேயே வைக்க என்றது. இந்த லைனில் வாளியை உள்ளே வைத்தால் சாயங்காலத்துக்குள் காணாமல் போய்விடும்.

ஆவணி முதல் முகூர்த்தம் வந்தது. தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், மேலே பணக் கவர். இசக்கிமுத்து வேட்டி கட்டிக்கொண்டான். போய்ப் பார்த்தால் காளியாத்தாள் நகரில் கோயில் திருவிழா மாதிரி கூட்டம். வளைவு வரைக்கும் கார். ஒரு மாதம் நாய் படுத்திருந்த இடத்தில் பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, ஒரு பெண் எல்லோருக்கும் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதே வீடுகள், அதே சுவர்கள். காலண்டரில் ஒரு தாள் கிழிந்ததைத் தவிர அந்த இடத்தில் எதுவும் மாறவில்லை.

குமாரசாமி அவர்களைப் பார்த்ததும் எழுந்து வந்து உள்ளே உட்கார வைத்தார், டீ கொண்டு வரச் சொன்னார். அவர் மரியாதையில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

“சொல்றன்னு வெசனப்படாதீங்க அம்மிணி. அந்த ஊட்டுக்கு இப்ப இருவத்தெட்டு கேட்டு நிக்கறாங்க. தனபாலுன்னு, எக்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜருங்க. ஆனா நீங்க மொதல்ல பாத்தவிங்க. அதனால உங்களுக்குன்னா அதே இருவத்தெட்டுக்கே குடுத்தர்றனுங்க. அவருக்கு விடமாட்டனுங்க.”

வேல்விழிக்கு முதலில் விளங்கவே இல்லை. சலுகை தருகிற குரலில் அவர் மூன்று லட்சத்தை ஏற்றியிருக்கிறார் என்பது புரிய ஒரு நிமிஷம் ஆனது.

“அண்ணாச்சி, இருவத்தஞ்சுன்னு நீங்கதான சொன்னீங்க? இதே நாற்காலியில உக்காந்துட்டு?”

“சொன்னனுங்க. இல்லீன்னு சொல்லலீங்களே. அது ஆடி ரேட்டுங்க. இது ஆவணியில்லீங்களா?”

“உங்க பேச்சு எழுத்து மாதிரின்னு சொன்னீங்களே?”

“அட்வான்ஸு குடுங்க, எழுதிக்கலாம்னு நாந்தானுங்களே சொன்னேன். ஆடியில வேண்டாம்னு ஆருங்க சொன்னது? நானுங்களா?”

வேல்விழி பக்கத்தில் வேட்டி கட்டி உட்கார்ந்திருந்த புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். ஒருவன் கத்திப் பேசினால் நாமும் கத்திவிட்டு வரலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ‘ங்க’ போட்டு, டீயையும் கையில் கொடுத்து, உன் புருஷன் முட்டாள் என்று உன் வாயாலேயே சொல்ல வைக்கிறவனை என்ன செய்வது? வேல்விழி டீயைத் தொடவில்லை. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

“இருவத்தெட்டுக்கு நாங்க எங்க போவோம் அண்ணாச்சி? ஒங்க அம்மா பேரை வளைவுல எழுதி வச்சிட்டு இப்பிடிப் பேசுதீங்களே. நல்லாருக்கு.”

“கோவிச்சுக்காதீங்க. தீவாளி போனஸுக்கப்பறம் முப்பதுக்குப் போயிருமுங்க” என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

வீடு திரும்புகிற வழியில் நல்லூர் சிக்னலில் நின்றபோது இசக்கிமுத்துவே ஆரம்பித்தான்.

“தெய்வக் குத்தம் ஆயிரக் கூடாதேன்னுதான் வேலு...”

“தெய்வத்துக்கு இதுல என்ன சோலி? தெய்வமா மூணு லட்சம் ஏத்துச்சு?” பக்கத்து வண்டிக்காரன் திரும்பிப் பார்த்தான். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. “ஆடியில ரூவா கை மாறக் கூடாதுன்னீங்களே, ஆடி மாச வாடகைய கருப்புசாமி வேண்டாம்னாரா? கரண்டு பில்லு ஆடியில வரலியா? பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல பீஸ் கேட்டாங்களே, ஆவணியில தாங்கன்னா சொன்னாங்க? நம்மகிட்டருந்து போற ரூவாவுக்கு மாசம் கெடையாது. நமக்குன்னு ஒண்ணு வரணும்னா மட்டும் மாசம் பாக்கணும்!”

அவள் கேட்டதில் என்ன தப்பு? வருஷத்தில் இருப்பது பன்னிரண்டு மாதம். ஆனி சரியில்லை, ஆடி ஆகாது, புரட்டாசி கூடாது, மார்கழி கூடவே கூடாது, பங்குனி சந்தேகம். மிச்சமிருக்கிற மாதங்களில் ஊரே ஒரு வாசலில் போய் முட்டிக்கொண்டு நின்றால் விற்கிறவர் விலையை ஏற்றாமல் ஆரத்தியா எடுப்பார்? இந்த மாதக் கணக்கு எல்லாருக்கும் பொதுவானது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாங்குகிறவனுக்கு அது பயம், விற்கிறவனுக்கு அது சீசன். காசு உள்ளவன் தை வரைக்கும் காத்திருந்து ஏறிய விலையைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். தகரக் கதவை உதைக்கிற சத்தத்தில் பிள்ளை வளர்க்கிறவளுக்குத்தான் ஒவ்வொரு மாதமும் ஒரு வருஷம்.

ஆவணி பிறந்து பத்து நாளில் அமெரிக்காவில் நம் நாட்டுச் சரக்குக்கு வரியை ஏற்றினார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் பெட்டி கட்டி வைத்த சரக்கு அப்படியே நின்றது. இசக்கிமுத்துவின் கம்பெனியில் முதலில் ஓவர்டைம் போனது, பிறகு சனிக்கிழமை போனது. கட்டிங் மேஜைகளில் பாதியைத் துணி போட்டு மூடிவிட்டார்கள். வேல்விழியின் கம்பெனி காதர்பேட்டையை நம்பியது என்பதால் அவள் வேலை தப்பித்தது. டீக்கடையில் மனை, பத்திரம், முகூர்த்தம் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வேலை நிற்குமா, நிற்காதா என்று பேச ஆரம்பித்தார்கள். தீபாவளி போனஸ் வந்தது. வந்த வேகத்தில் பழைய பாக்கிகளுக்குப் போனது.

தீபாவளி முடிந்த வாரம் கருப்புசாமி லைனுக்கு வந்தார். வாடகைத் தேதிக்கு மட்டுமே வருகிற மனிதர் அவர்.

“தை பொறந்தா லைனை இடிக்கறமுங்க. வடக்கத்திப் பசங்களுக்கு ஹாஸ்டலு கட்டறோம். கம்பெனிக்காரங்களே பேசி எடுத்துக்கறாங்க. நீங்கெல்லாம் பொங்கலுக்கு முன்னாடி காலி பண்ணிக் குடுத்துருங்க.”

“ஹாஸ்டல்ல எத்தனை கக்கூசுங்க கட்டுதீங்க?” என்று வேல்விழி கேட்டாள்.

“மாடிக்கு ஆறுங்க அம்மிணி” என்றார் அவர், பெருமையாக. கேள்வியின் சூடு அவருக்கு உறைக்கவே இல்லை.

வேறு வாடகை வீடு தேடினார்கள். லைன் வீடுகள் மறுபடியும் அதே வரிசை, அதே வாளி. தனி வீடென்றால் பாதிச் சம்பளம் வாடகைக்கே போகும். பேங்கில் கொடுத்த லோன் கடிதமும் தை பாதி வரைக்கும்தான் செல்லும், அதற்குப் பிறகு மறுபடி முதலிலிருந்து என்றார்கள். இசக்கிமுத்துவின் இன்றைய சம்பளச் சீட்டைப் பார்த்தால் இரண்டாவது தடவை என்ன சொல்வார்களோ தெரியாது. மார்கழி பிறந்தபோது வேல்விழியின் கையில் நான்கு வாரம் மிச்சமிருந்தது.

மார்கழி இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை நல்லூரில் ஒரு வாடகை வீட்டைப் பார்த்துவிட்டு, அதுவும் சரிப்படாமல் திரும்பியவள், என்ன நினைத்தாளோ, காளியாத்தாள் நகர் பக்கம் நடந்தாள். பந்தல் இல்லை. கார் இல்லை. வளைவுக்கடியில் அந்த நாய் மறுபடி படுத்திருந்தது. மூன்றாவது வரிசை, கடைசி வீடு. தனபால் மேனேஜர் குடி வந்திருப்பார், ஜன்னலுக்குத் திரை போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே போனாள். திரை இல்லை. கண்ணாடியில் கையை வைத்து மறைத்து உள்ளே பார்த்தாள். ஜன்னல் மூலையில், விரிசலுக்கு நேராக, வெளிறிப்போன ஒரு சிவப்பு அம்புக்குறி.

அவள் ஒட்டியது.

அங்கேயே நின்று எட்டிப் பார்த்த வரைக்கும் ஐந்து தெரிந்தது. அதற்குள் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. குமாரசாமி.

“அட, அம்மிணி! வாங்க, வாங்க. உங்களுக்கே போன் போடலாம்னு இருந்தனுங்க.” சாவியை எடுத்து அவரே கதவைத் திறந்துவிட்டார்.

வேல்விழி உள்ளே போய் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பதினேழும் இருந்தது. பாத்ரூம் கதவு அதே இடத்தில் உரசியது. தொட்டியில் அதே தண்ணீர் நின்ற கறை. வடக்குச் சுவர் ஈரம் மட்டும் ஐப்பசி மழையில் ஒரு சாண் வளர்ந்து ஸ்டிக்கரைத் தாண்டிவிட்டிருந்தது. ஆவணிக்குள் பார்த்துவிடுகிறேன் என்றாரே! இருபத்தெட்டு கேட்டு வாசலில் ஆள் நிற்கிறது என்றாரே! ஐந்து மாதத்தில் ஒரு கை இந்த வீட்டைத் தொடவில்லை, ஒரு ஆள் இது என்ன சிவப்பாக என்று கேட்டுப் பிய்க்கவில்லை. அவளுக்குக் காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. ஏறிய மூன்று லட்சம்கூட அப்போது நினைவில் இல்லை. இந்த வீடு ஐந்து மாதம் சும்மா பூட்டிக் கிடந்திருக்கிறது, அந்த ஐந்து மாதமும் தன் பிள்ளை தினம் காலையில் தகரக் கதவுக்குப் பின்னால் நடுங்கியிருக்கிறது என்பதுதான் நினைவுக்கு வந்தது.

“தனபால் சார் எங்க அண்ணாச்சி?”

“அவருங்களா? அவரு கம்பெனியில ஆர்டர் இல்லீங்களாமா. அட்வான்ஸு போடறேன், போடறேன்னு போனவரு, இப்பப் போனே எடுக்கறதில்லீங்க. இந்தக் காலத்துல ஆரு பேச்சையும் நம்ப முடியறதில்லீங்க அம்மிணி.”

இதைச் சொன்னபோது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் இன்னும் கொடுமை.

“போனது போகட்டுமுங்க” என்று தொடர்ந்தார். “உங்களுக்கு அந்த ஆடி ரேட்டுக்கே குடுத்தர்றனுங்க. இருவத்தஞ்சு. இப்ப மார்கழியில வேண்டாமுங்க. தை பொறந்து நல்ல முகூர்த்தமாப் பாத்து வச்சுக்கலாம். அதுவரைக்கும் எம்பட பேச்சுத்தானுங்க.”

வேல்விழி அவரை உற்றுப் பார்த்தாள். தை பிறந்தால் பந்தல் வரும். சந்தனம் வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் நிலம் விற்று, நகை விற்று வருகிறவர்களில் ஒரு தனபால் வருவார். அப்போது இது மார்கழி ரேட்டு ஆகிவிடும்.

“தை வேண்டாம். இந்த மாசமே எழுதணும். பேங்குல பேப்பர் தயாரா இருக்கு. இன்னிக்கே அட்வான்ஸ், இன்னிக்கே எழுத்து. பத்து நாளையில பத்திரம். அதுக்குள்ள இந்தப் பதினேழையும் சரி பண்ணணும். ஒண்ணு பாக்கி இருந்தாலும் கையெழுத்துக் கெடையாது.”

“மார்கழியில போயிங்களா? அதெப்படிங்க அம்மிணி? எங்க சனத்துல ஆரும் இந்த மாசம் பத்திரத்துல கை வெக்க மாட்டாங்களுங்க.” அவர் கொஞ்சம் யோசித்து, முகம் தெளிந்தார். “ஊட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாமுங்களே. அவரு மாசம் பாக்கறவரு.”

கேட்கட்டும் என்றுதான் அவளும் நின்றாள். குமாரசாமி போனைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். வேலையில்லாத ஞாயிற்றுக்கிழமை, இசக்கிமுத்து இரண்டாவது மணியிலேயே எடுத்தான். குமாரசாமி பாங்காக எல்லாவற்றையும் சொன்னார். அம்மிணி அவசரப்படுகிறார், மார்கழியில் ரூபாய் கை மாறலாமா, நீங்களே சொல்லுங்க என்றார்.

வேல்விழி போனுக்கு நெருங்கி வந்தாள். இந்த மனிதன் இப்போதும் அக்காவைக் கேட்க வேண்டும் என்று சொன்னால் இங்கேயே போனைப் பிடுங்கி எறிந்துவிடுவேன் என்று நினைத்தாள். அது குமாரசாமியின் போன் என்பதும் நினைவுக்கு வந்தது, அதனால் என்ன என்றும் தோன்றியது.

“அண்ணாச்சி” என்றான் இசக்கிமுத்து. “ஆடியில நான் மாசத்தப் பாத்தேன், மனுசனப் பாக்கல. அதுக்கு எங்க வீட்டுல அஞ்சு மாசமா எனக்குச் சோறு போட்டாலும் சரியா மொகம் குடுக்கல. வேலு என்ன சொல்லுதோ அதான். இன்னிக்கே எழுதிருங்க.”

குமாரசாமிக்கு வேறு வழி இல்லை. கையில் கிடைத்த ஒரே ஆளையும் விட்டுவிட்டால் சிமெண்ட் கடைக்காரன் பொறுக்க மாட்டான். அன்று சாயங்காலமே வெள்ளைத்தாளில் எழுத்தாயிற்று. தேதியையும் விலையையும் வேல்விழி இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டுத்தான் பணக் கவரை நீட்டினாள்.

அடுத்த நாளிலிருந்து கொத்தனார் வந்தார், ஆசாரி வந்தார். தினம் வேலை முடிந்து நேராக அங்கே போய்விடுவாள். கதவைச் சாத்திப் பார்ப்பாள், தொட்டியில் ஒரு குடம் ஊற்றிப் பார்ப்பாள், சரியாக இருந்தால் ஸ்டிக்கரைப் பிய்ப்பாள், இல்லாவிட்டால் விட்டுவிட்டு வருவாள். ஜன்னல் விரிசலை மூன்று தரம் பூச வைத்தாள். “இந்தம்மா பனியன் பாக்கறாப்பல ஊட்டைப் பாக்குது” என்று கொத்தனார் அலுத்துக்கொண்டார். ஒன்பதாம் நாள் வடக்குச் சுவரிலிருந்து பதினேழாவதும் வந்தது.

மறுநாள் பத்திர ஆபீஸ். ஆவணியில் டோக்கனுக்கு அடித்துக்கொள்கிற இடம், மார்கழியில் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கிற அளவுக்கு வெறிச்சென்று இருந்தது. பத்திரம் எழுதுகிறவர் அதிசயமாகப் பார்த்தார். குமாரசாமிக்கு அந்தப் பார்வை பொறுக்கவில்லை போலிருக்கிறது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொன்னார்.

“ஆடியில ஒரு வார்த்தை குடுத்துட்டனுங்க. சொன்ன வெல இருவத்தஞ்சு. அதே வெலைக்குத்தான் இன்னிக்கு எழுதறனுங்க. மாசம் மாறும், இந்தக் குமாரசாமி பேச்சு மாறாதுங்க.”

வேல்விழி கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். இசக்கிமுத்து அவள் கையைத் தொட்டு, வேண்டாம், கையெழுத்துப் போட்டுவிடு என்று கண்ணால் கெஞ்சினான். ஆடியில் ஒரு தடவை மரியாதைக்காக வாயை மூடியது போதாதா?

“அப்போ ஆவணியில எங்களுக்கு டீ வாங்கிக் குடுத்தது யாரு அண்ணாச்சி?” என்றாள், அதே நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. “இருவத்தெட்டுன்னு சொன்னது யாரு? தட்டோட வந்தவங்கள வாசல் வரைக்கும் வந்து அனுப்பி வச்சது யாரு? நீங்க பேச்சுல நின்னீங்களா, வேற ஆள் வராம நின்னீங்களா? நான் கையெழுத்துப் போடுததுக்கு முன்னாடியே சொல்லிருங்க. போட்டப்புறம் சொல்லி என்ன பிரயோசனம்?”

குமாரசாமி சுவர்க் காலண்டரைப் பார்த்தார். பத்திரம் எழுதுகிறவர் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். ஒரு நிமிஷம் காத்திருந்துவிட்டு வேல்விழி பேனாவை எடுத்து, எட்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டாள்.

மார்கழி முடிய நான்கு நாள் இருக்கும்போதே சாமானை ஏற்றிவிட்டாள். பால் காய்ச்சவில்லை, யாரையும் அழைக்கவில்லை. சங்கரன்கோவிலிலிருந்து நாத்தனார் போனில் ஏசினாள். ஏசட்டும் என்று போனை அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டு வேலையைப் பார்த்தாள். மறுநாள் காலை ஐந்தரைக்குப் பழக்கத்தில் எல்லோரும் எழுந்துகொண்டார்கள். பூங்குழலி புது வாளியை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பத்து நிமிஷம் ஆயிற்று. அரை மணி ஆயிற்று. தண்ணீர் விழுகிற சத்தம் நின்று, பிள்ளை உள்ளே ஏதோ முணுமுணுவென்று பாடுகிற சத்தம் கேட்டது.

இசக்கிமுத்துவுக்கு எட்டு மணிக்குக் கம்பெனி. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தட்டுவதற்குக் கையைத் தூக்கினான்.

வேல்விழி சமையலறையிலிருந்து அப்படியே ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரலில் மட்டும் ஐந்து மாதக் கோபம் அப்படியே இருந்தது.

“தட்டாதீங்க” என்றாள். “அவளா வெளிய வரட்டும்.”